லினோவா, றப்பரா, பலகையா? வன்னியில் அச்சு வெட்டத் தொடங்குகிறவர்களுக்கு

அச்சுப் படம் வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "முதல்ல எதை வாங்குறது?" கேட்கிறவர்கள்தான் வேறு வேறு ஆட்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர். இன்னொருவர் வாழ்த்து மடல் செய்து விற்கலாமா என்று யோசிக்கிற பிள்ளை. வேறு சிலருக்கு ஊர்த் திருவிழாவுக்குக் கையாலேயே சுவரொட்டி அடித்துப் பார்க்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருடைய காசு வீணாகும்.

இணையத்தில் இதற்கு விளக்கக் காணொளிகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுத்தவை. தெருமுனையில் சித்திரச் சாமான் கடை இருக்கும், மை மெதுவாகக் காயும், பலகையைக் கறையான் தின்னாது என்ற நினைப்பில்தான் அவர்கள் பேசுகிறார்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு அதை அப்படியே கேட்டு நடந்தால் சரிவராது.

எந்தப் பொருளில் வெட்டினாலும் தத்துவம் ஒன்றுதான். மை படக்கூடாத இடத்தைத் தோண்டி எடுக்கிறோம். மிஞ்சி நிற்கும் மேட்டில் றோலரால் மை பூசி, கடதாசியை வைத்து அழுத்துகிறோம். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் கடதாசியில் விழும், இடம் வலம் மாறி. சரி, எதில் வெட்டுவது?

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் பார்க்கிறவை ஆறு. விலை அதில் கடைசி. ஏனென்று போகப் போகத் தெரியும்.

முதலாவது, முடிந்தால் திரும்பவும் கிடைக்குமா என்பது. ஒருமுறை யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த சாமானில் பழகிவிட்டு, அது தீர்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, வெட்டப்போவது யாருடைய கை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டும் தச்சுத் தொழிலாளியின் மணிக்கட்டும் ஒன்றல்ல. அழுத்தம் கூடக்கூட உளி வழுக்கும். உளி வழுக்கினால் மற்றக் கைதான் காயப்படும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து நிற்குமா. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்கோடு அதிகம், எதிலும் வெட்டிவிடலாம். நம் எழுத்தில் சுழி, வளைவு, குட்டிக் குட்டிக் கண்கள். எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போதும் என்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

நான்காவது, எத்தனை பிரதி வேண்டும். ஐந்தாவது, நம்முடைய காலநிலையும் பூச்சியும். ஆறாவது, கட்டைக்கு வெளியே போகும் செலவு: உளி, றோலர், மை, கடதாசி, பார்சல் கூலி.

## லினோ

முதலில் இது என்ன சாமான் என்று தெரிய வேண்டும். தெரியாமல் கடைக்குப் போனால் வேறொன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

லினோ என்பது லினோலியத்தின் சுருக்கம், அது தரைக்கு விரிப்பதற்காகச் செய்த பொருள். சித்திரக்காரர்களை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், திறந்து கிடந்த பெயின்ற் ரின்னின் மேல் படர்ந்திருந்த தோலைக் கவனித்தார். பெயின்ற்றில் கலந்திருந்த ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகி, றப்பர் போல் ஆகியிருந்தது. அதையே நிறையச் செய்தால் றப்பருக்குப் பதிலாகப் பயன்படும் என்று நினைத்தார். அந்தக் காலத்தில் றப்பரும் தக்கைத்தூளும் கலந்த 'கம்ப்துலிக்கன்' என்ற தரைவிரிப்பு விற்பனையில் இருந்தது. வால்டன் தன்னுடைய பொருளுக்கு முதலில் அதன் சாயலிலேயே 'கம்ப்திகொன்' என்று பெயர் வைத்தார். பிறகுதான் இலத்தீனில் ஆளியைக் குறிக்கும் 'லினும்', எண்ணெயைக் குறிக்கும் 'ஓலியும்' இரண்டையும் சேர்த்து லினோலியம் ஆக்கினார். 1863இல் காப்புரிமை, அடுத்த ஆண்டு கொம்பனி, லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்ரேன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை.

செய்முறையும் பெயருக்கு ஏற்றதுதான். தொங்கவிட்ட துணிகளின் மேல் ஆளிவிதை எண்ணெயைத் திரும்பத் திரும்ப வழியவிட்டுக் காற்றில் இறுக விடுவார்கள். தடித்ததும் எடுத்து, பைன் மரப் பிசினோடு உருக்கி, தக்கைத்தூள், மரத்தூள், நிறப்பொடி சேர்த்துப் பிசைந்து, சணல் துணியில் வைத்து உருளையால் அழுத்துவார்கள்.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்கொட்லாந்தின் கெர்க்கோடி ஊரிலிருந்த நேர்ன் கொம்பனியும் இதைச் செய்யத் தொடங்கியது. பெயரும் அதே லினோலியம். வால்டன் தரப்பு வழக்குப் போட்டது. 1878இல் தீர்ப்பு எதிராக வந்தது: இந்தப் பொருளுக்கு வேறு பெயரே ஊரில் இல்லை, ஆகவே பெயர் எல்லாருக்கும் பொது. அந்தத் தீர்ப்பின் விளைவை இன்று வரைக்கும் நாங்கள் அனுபவிக்கிறோம். 1950களுக்குப் பிறகு பிளாஸ்ரிக் விரிப்பு மலிவாக வந்து உண்மையான லினோலியத்தைச் சந்தையிலிருந்து தள்ளியது. ஆனால் பெயர் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஹாட்வெயார் கடையில் லினோலியம் கேட்டால் பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பை உருட்டிக் காட்டுகிறார்கள். கடைக்காரரில் பிழையில்லை.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கத்தைத் திருப்புங்கள்: சணல் நெசவு தெரிய வேண்டும். மணந்து பாருங்கள்: எண்ணெய் வாடை வர வேண்டும், பிளாஸ்ரிக் வாடை அல்ல. ஓரத்தைப் பேனைக்கத்தியால் சீவினால் உண்மையான லினோவில் மேலிருந்து சணல் வரை ஒரே நிறம் இருக்கும், சீவல் உதிரும். பூப்போட்ட விரிப்பிலோ மேலே மெல்லிய படம், கீழே பஞ்சு மாதிரி நுரை. அச்சுக்கு விற்கும் லினோ பெரும்பாலும் சாம்பல் அல்லது மண்ணிறம், தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். புதிதாக வாங்கியதன் மேல் மஞ்சள் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். இருட்டில் கிடந்தால் அப்படி ஆகும், வெளிச்சத்தில் வைத்தால் போய்விடும்.

இதன் பெரிய பலம், மரத்தைப் போல் இதற்கு நார் ஓட்டம் கிடையாது. உளியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரித்தான் போகும். 'ழ' வெட்டிப் பாருங்கள். மேலே உள்ள வளைவை எடுத்து, கீழே இறங்கும் சுழிக்குள் வரும்போது, அனுபவப்பட்டவர்கள் உளியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு இடக்கையால் கட்டையைத்தான் சுழற்றுவார்கள். லினோவில் அந்தச் சுற்று ஒரே கோடாக வழுக்கிக்கொண்டு போகும். பலகையில் அதே சுற்றில் உளி இரண்டு இடத்தில் நாரை எதிர்க்கும், அந்த இரண்டு இடத்திலும் சிம்பு தெறிக்கும். 'ண', 'ஞ' இரண்டின் உள்கண்களும் அப்படித்தான். விரலளவு உயரமுள்ள தமிழ் எழுத்தை ஒழுங்காக வெட்ட வேண்டுமென்றால் லினோவை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் முடிவு.

எழுத்தை இடம் வலம் மாற்றுவது எப்படி என்று தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. மெல்லிய எண்ணெய்த்தாளில் மென்பென்சிலால் நேராக எழுதி, தாளைக் கவிழ்த்து லினோவில் வைத்து முதுகில் தேய்த்தால் தானாகவே மாறி விழும். அப்புறம் ஒருமுறை சரிபாருங்கள்: 'கொ' என்றால் கட்டையில் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் நிற்க வேண்டும். வெட்டத் தொடங்கிய பிறகு பழக்கதோஷத்தில் கை அதை 'திருத்த'ப் பார்க்கும்.

வெயில் இங்கே நமக்குத் துணை. குளிரில் லினோ இறுகும், அதனால் வெளிநாட்டில் சூடாக்கி மிருதுவாக்கித்தான் வெட்டுகிறார்கள். நமக்குச் சித்திரை வைகாசியில் அந்த வேலையே இல்லை, திண்ணையில் சிறிது நேரம் வைத்தால் போதும். மாரிகாலக் காலையில் மட்டும் துணியை மேலே விரித்துக் குறைந்த சூட்டில் அயன் பண்ணிக்கொள்ளலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். லினோவுக்கு வயது உண்டு. இறுகத் தொடங்கிய அந்த எண்ணெய் விற்ற பிறகும் இறுகிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று வருடக்கணக்குக்கு வாங்கி அடுக்கக் கூடாது. பழைய இருப்பென்று சந்தேகம் வந்தால் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள், வெடிப்பு விழுந்தால் விட்டுவிடுங்கள். இங்கே பக்கத்துக் கடையில் கிடைக்காது, கொழும்பிலிருந்தோ இணையத்திலோ எடுப்பிக்க வேண்டும். சுருட்டி அனுப்பினால் வெடிக்கும் என்பதால் தட்டையாக அனுப்பச் சொல்ல வேண்டும், பார்சல் கூலி ஏறும். கழுவுவதிலும் கவனம் தேவை. தண்ணீரில் ஊறவிட்டால் சணல் உப்பி வளையும். சலவைச் சோடா போன்ற காரம் பட்டால் மேற்பரப்பே கரையும். எரிசோடாவை வைத்து லினோவை அரித்துப் படம் செய்கிற ஒரு முறையே இருக்கிறது என்றால் பாருங்கள். சமையல் எண்ணெய் தொட்ட துணியால் மையைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

கூரான உளி இல்லாமல் லினோவைத் தொடவே கூடாது. மழுங்கிய உளிக்கு அழுத்தம் கூடத் தேவை, அழுத்தம் கூடினால் வழுக்கும். பழைய தோல் பெல்ற் ஒன்றைப் பலகையில் ஒட்டி, மினுக்கும் பசை தடவி, உளியை அடிக்கடி அதில் இழுத்துக்கொள்ளுங்கள். கட்டை நகராமல் இருக்க மேசை விளிம்பில் கொழுவும் ஒரு தடுப்புப் பலகை வேண்டும். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நடுவில் பலகை. ஊர்த் தச்சர் கொஞ்ச நேரத்தில் அடித்துத் தருவார்.

சிறு பிள்ளைகளின் சாமான் என்று லினோவை ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். பிறகு பிக்காசோ 1950களின் கடைசியில் பிரான்சின் வலோரிஸ் ஊர் அச்சாளர் ஒருவரோடு சேர்ந்து, ஒரே லினோக் கட்டையைப் படிப்படியாக வெட்டி வெட்டி நிறத்தின் மேல் நிறம் அச்சடித்தார். நமக்கு இன்னும் பக்கத்தில், நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிக் காந்தியைக் கோலோடு நடக்கிறவராக லினோவில் வெட்டினார். கறுப்புப் பின்னணியில் கொஞ்ச வெள்ளைக் கோடுகள், வேறொன்றும் இல்லை. தொடங்குகிறவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும், எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்பது விளங்கும்.

## மென்றப்பர்க் கட்டை

ஸ்பீட்போல், எஸ்டீ போன்ற கொம்பனிகள் லினோவுக்கு மாற்றாக மென்மையான கட்டைகளை விற்கின்றன. இளஞ்சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பல நிறத்தில் வரும். கையில் எடுத்தால் பெரிய அழிறப்பர் மாதிரி இருக்கும்.

வெட்டுவதற்கு இதைவிடச் சுகமானது இல்லை. சூடாக்க வேண்டாம், பலம் வேண்டாம், மலிவான கைப்பிடி உளியே போதும். இரண்டு பக்கமும் வெட்டலாம். துணியில் முத்திரை மாதிரி குத்துவதற்கும் நல்லது, கட்டை கொஞ்சம் நெளிந்து கொடுப்பதால் துணியின் மேடுபள்ளத்தில் மை பிடிக்கும்.

அந்த நெளிவுதான் அதன் குறையும். மெல்லிய கோடு அழுத்தும்போது சாயும், கூரான மூலை கொஞ்சம் உருண்டு விழும். பெரிய எழுத்து நிற்கும். சின்ன எழுத்தில் 'ன'வும் 'ண'வும் குழம்பும். ஒரு பெரிய படத்தை நுணுக்கமாக வெட்டி, பல பிரதி எடுக்கப் போகிறவருக்கு இது பொருந்தாது.

வன்னியில் இதற்கு இன்னொரு சங்கடம், தகரக் கூரைக்குக் கீழே பங்குனிக்குப் பிறகு வரும் சூடு. வெட்டின கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகவோ பிளாஸ்ரிக் பெட்டியில் நெருக்கியோ வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இடையில் கடதாசி வைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் இதற்கு ஆகாது, மேற்பரப்பு பிசுபிசுத்துவிடும். நீர் மையோடு பாவித்துத் தண்ணீரில் கழுவுவதுதான் பாதுகாப்பு.

செலவைப் பொறுத்தவரை, துண்டின் விலையைப் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும். அதே பரப்பளவுக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் லினோவைவிடக் கூட வரும். சின்னக் கட்டைக்கு இது, பெரிய கட்டைக்கு லினோ என்று பிரித்துக்கொண்டால் கணக்குச் சரியாகும்.

## பலகை

மற்ற இரண்டும் வெளியிலிருந்து வர வேண்டும். பலகை நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. வன்னியில் தச்சுப்பட்டறை இல்லாத ஊர் குறைவு, பட்டறையில் கழிவுத் துண்டு இல்லாத நாளும் குறைவு.

ஆனால் வன்னிக் காட்டின் பேர்போன மரங்களில் அச்சு வெட்டலாம் என்று கனவு காண வேண்டாம். முதிரையும் பாலையும் வீரையும் கட்டிலுக்கும் நிலைக்கும் வளைக்கும் நல்லவை. கையுளியால் கோடு இழுக்க அவை விடாது. மா, பலா போன்றவற்றின் நன்றாகக் காய்ந்த துண்டுகள் பரவாயில்லை. எந்த மரமானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நெருக்கமான நாரா, காய்ந்ததா. பச்சை மரத்தில் வெட்டினால் அடுத்த சோளகக் காற்றுக்குள் வெடிக்கும்.

தொடங்குகிறவருக்குப் பிளைவூட் சுலபம். மேல்தோல் மென்மையாக இருக்கும், நார் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம், அந்த ஓட்டமே படத்தில் மழைக்கோடு மாதிரி விழுந்து அழகு சேர்க்கும். மலிவான பிளைவூட்டில் மேல்தோல் ஏடு ஏடாகப் பெயர்வதுண்டு. வெட்டும் கோட்டைப் பேனைக்கத்தியால் முதலில் கீறிவிட்டு உளி போட்டால் பெயர்வது குறையும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு நார் ஓட்டம் இல்லை, அந்த வகையில் லினோவுக்குக் கிட்ட. ஆனால் உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், தூளை மூச்சில் எடுக்கக் கூடாது, மையை உறிஞ்சும். முதலில் வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட வேண்டும். மழையில் நனைந்தால் உப்பிவிடும், பிறகு எதற்கும் உதவாது.

பலகையின் பலம் அதன் ஆயுள். ஒழுங்காகப் பராமரித்தால் கையால் எடுக்கும் அச்சுக்குத் தேய்வு என்பதே தெரியாது. வருடா வருடம் அதே திருவிழாவுக்கு அதே கட்டையில் திகதியை மட்டும் மாற்றி அடிக்கலாம். திகதிக்கு ஒரு சின்னத் துண்டைத் தனியாக வெட்டிப் பொருத்தினால் சரி.

பலகை வைத்திருப்பவருக்கு இரண்டு எதிரிகள், கறையானும் மாரியும். சுவரில் சாய்த்து வைத்த பிளைவூட்டைக் கறையான் பின்பக்கத்தால் தின்றுகொண்டு போகும், முன்பக்கத்தில் படம் அப்படியே இருக்கும். எடுத்துப் பார்க்கும்போதுதான் கை உள்ளே போகும். நிலத்திலும் சுவரிலும் படாமல், இரும்புத் தட்டில் வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மாரியில் பலகை வளையும், தை பிறந்து வெயில் வந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அவசரப்பட்டுக் கல்லேற்றி நிமிர்த்தப் போய் வெடிக்க வைக்க வேண்டாம்.

மறைந்த செலவு உளியில் இருக்கிறது. றப்பருக்குப் போதுமான மலிவு உளி பலகையில் வளையும், முனை உடையும். நல்ல மரவேலை உளி ஒரு வாங்கல் செலவு, ஆனால் அதையே லினோவிலும் பாவிக்கலாம்.

## காசில்லாமல் தொடங்கும் வழிகள்

தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடி, அழிறப்பர், றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) தட்டு, வெண்டிக்காய், உருளைக்கிழங்கு. இவற்றைச் சிரிக்க வேண்டாம். செருப்படியில் பேனைக்கத்தியால் வெட்டும் முத்திரை பல வருடம் உழைக்கும். றெஜிபோமில் வெட்டவே தேவையில்லை, எழுதி முடிந்த பேனையால் அழுத்திக் கீறினால் பள்ளம் விழும், ஆனால் சில பிரதிகளோடு நசிந்துவிடும். தின்னர் பட்டால் கரைந்தே போகும்.

வீட்டில் மிஞ்சிய பிளாஸ்ரிக் தரைவிரிப்புத் துண்டும் வரும், நுரை இல்லாத, முழுவதும் ஒரே நிறமான வகையென்றால் மட்டும். உளி இழுபடும், சீவல் நூல் நூலாக வரும், கோடு லினோ அளவுக்குச் சுத்தமில்லை. பழகுவதற்குப் போதும்.

## ஒரே பார்வையில்

| | லினோ | மென்றப்பர் | பலகை | செருப்படி, றெஜிபோம் |
|---|---|---|---|---|
| இங்கே கிடைப்பது | எடுப்பிக்க வேண்டும் | எடுப்பிக்க வேண்டும் | ஊரிலேயே | வீட்டிலேயே |
| கைப்பலம் | நடுத்தரம் | மிகக் குறைவு | அதிகம் | குறைவு |
| சின்னத் தமிழ் எழுத்து | மிக நன்று | குழம்பும் | சிம்பு தெறிக்கும் | வராது |
| பிரதிகள் | நூற்றுக்கணக்கில் | மிதமாக | மிக அதிகம் | செருப்படி நிறைய, றெஜிபோம் சில |
| கவனிக்க வேண்டியது | பழசானால் வெடிப்பு, காரம் | சூடு, தின்னர் | கறையான், மாரி | றெஜிபோம் நசியும் |

## கட்டைக்கு வெளியே போகும் காசு

விலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். கட்டையின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்கு. றோலரும் மையும் கடதாசியும்தான் தின்னும்.

றோலர் கெட்டியான றப்பராக இருக்க வேண்டும். சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் பஞ்சு றோலர் பள்ளத்துக்குள்ளும் மையைத் திணிக்கும், நீங்கள் வெட்டிய கோடெல்லாம் மூடிப்போகும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மை இரண்டு வகை. நீர் மை கழுவ இலகு, பள்ளிக்கூடத்துக்கு அதுதான் சரி. ஆனால் சோளகம் வீசும் நாளில் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தால், கண்ணாடியில் உருட்டிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். காலையில் வேளைக்குத் தொடங்குங்கள், காற்றை மறையுங்கள், ஒரு சொட்டுக் கிளிசரீன் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் மை கறுப்பு ஆழமாக இருக்கும், கோடு கூராக விழும், காய்வதற்கு நாட்கள் எடுக்கும். மாரியில் இன்னும் கூட. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட இடம் இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும். இதற்கென்று விற்கும் எண்ணெய் மை விலை கூட. அச்சகத்தில் தெரிந்தவர் இருந்தால் ஓவ்செற் மை கொஞ்சம் கேட்டு வாங்குங்கள், இந்த வேலைக்கு நன்றாகவே ஓடும்.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த மையைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். லினோவை இறுக வைக்கும் அதே வேலை அந்தத் துணிக்குள்ளும் நடக்கும். காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் அந்தச் சூடு அடைபட்டால் தானாகவே தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்கும் கிடுகு வேலிக்கும் இது விளையாட்டில்லை. துணியை விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய ரின்னில் போட்டு மூடிவையுங்கள்.

அழுத்துவதற்கு இயந்திரம் வேண்டாம். நன்றாகத் தேய்த்து மினுக்கிய தேங்காய்ச் சிரட்டையின் முதுகு கைக்குள் அடங்கும், கடதாசியைக் கிழிக்காது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். கடதாசி மெல்லியதாக இருந்தால் முதுகில் மையின் நிழல் தெரியும், எங்கே பிடித்தது எங்கே பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே தேய்க்கலாம். தடித்த அட்டையில் கையால் எடுப்பது தோள்வலிதான், அச்சும் திட்டுத்திட்டாக விழும்.

## யாருக்கு எது

பள்ளிக்கூடத்துக்கு: சின்ன வகுப்புகளுக்கு றெஜிபோம் தட்டும் நீர் மையும். உளியே வேண்டாம். மேல் வகுப்புக்கு மென்றப்பர், ஒரு பிள்ளைக்கு உள்ளங்கையளவு துண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லாருடைய கையிலும் ஒரே நேரத்தில் உளி கொடுக்கக் கூடாது. ஒரு மேசை வெட்ட, மற்ற மேசைகள் படம் வரையவும் அச்செடுக்கவும் என்று சுழற்றினால் உளியும் குறையப் போதும், ரீச்சரின் கண்ணும் எட்டும். உளியின் முன்னால் மற்றக் கை வரக்கூடாது என்பதைத் தினமும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு லினோ வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், உளியைத் தீட்டப்போவது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

மடல், ரீசேட், பை விற்க நினைப்பவருக்கு: சின்னப் பூ, மயில், பனை என்று தனித்தனி உருக்கள் போதுமென்றால் மென்றப்பரோடு நில்லுங்கள். ஒன்றை மாற்றி மாற்றிக் குத்திப் பல வடிவம் எடுக்கலாம். துணிக்குத் துணி மைதான், கடதாசி மை சலவையில் போய்விடும். மடலில் வாழ்த்து வசனமும் சேர்க்க வேண்டுமென்றால் அந்த வசனத்தை மட்டும் லினோவில் வெட்டுங்கள்.

சுவரொட்டிக்கு: பெரிய அளவு, பெரிய எழுத்து, நிறையப் பிரதி, திரும்பத் திரும்பப் பாவனை. பிளைவூட். எழுத்தை உள்ளங்கையளவுக்குக் குறையாமல் வையுங்கள், சுழிகளில் சிம்பு போனாலும் தூரத்திலிருந்து தெரியாது. வட்டாப்பளை அம்மன் கோயில் மாதிரிப் பெரிய திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். கையச்சு ஊர்க்கோயில் அளவுக்கு.

படம் வெட்டுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு: லினோ, யோசிக்காமல். எண்ணெய் மையும் மரவேலை உளி இரண்டும். ஆங்கில வி எழுத்து வடிவ முனை ஒன்று, யு வடிவ முனை ஒன்று. பன்னிரண்டு உளி உள்ள பெட்டியை வாங்க வேண்டாம், பத்து சும்மா கிடக்கும். அந்தக் காசுக்கு லினோத் தாள் கூட வாங்கலாம். ஒருவராக எடுப்பித்தால் பார்சல் கூலி கொல்லும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வெட்டுகிற சிலர் சேர்ந்து ஒரே ஓடராகப் போட்டு, பெரிய தாளாக எடுத்து, வந்த பிறகு பேனைக்கத்தியால் மேற்பக்கத்தைக் கீறி மடித்து, சணலை அறுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். தாள் வந்திறங்கும் வரைக்கும் செருப்படியில் 'ழ' வெட்டிப் பழகுங்கள், பெரிதாக.